மோட்டார் ரெண்டு... கிணறு ஒண்ணு! சர்வர் படுத்தால் என்ன ஆகும்?

காவிரிக்கரை ஊரான மோகனூரில் கரும்பு, வாழை, வெற்றிலை என எதற்கும் தண்ணீர் தடைபடக் கூடாது. ஒரு மோட்டாரில் காயில் எரிந்துபோனால் உடனே ஓட்ட, கிணற்று மேட்டில் இன்னொரு மோட்டாரைத் தயாராக வைக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், இரண்டும் ஒரே கிணற்றில் இருந்துதானே இறைக்கின்றன? கிணறு வற்றினால் இரண்டு மோட்டாரும் சும்மாதான்!

வங்கி, ரயில் டிக்கெட், மருத்துவமனை என நாம் போனில் தொடும் பல சேவைகளுக்குப் பின்னால் இதே ஏற்பாடு இருக்கிறது. இரண்டு சர்வர்கள், நடுவில் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ். ஒரு சர்வர் வேலை செய்யும், மற்றொன்று காத்திருக்கும். இரண்டும் சில நொடிகளுக்கு ஒருமுறை 'இருக்கியா?', 'இருக்கேன்' என்று பேசிக்கொள்ளும். பதில் வராவிட்டால், காத்திருந்த சர்வர் பொறுப்பை ஏற்கும். தகவல் பொது ஸ்டோரேஜில் இருப்பதால், விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சர்வர்கள் இரண்டும் நன்றாக இருந்து, நடுவில் உள்ள கேபிள் மட்டும் அறுந்துபோனால்? 'அவன் போயிட்டான்' என்று இரண்டுமே நினைத்து, ஒரே ஸ்டோரேஜில் எழுத ஆரம்பிக்கும். ஒரே கணக்கு நோட்டில் ஒரே வரியில் இரண்டு பேர் எழுதிய கதைதான். அதனால்தான், புதிய சர்வர் பொறுப்பேற்கும் முன் பழையதை ஸ்டோரேஜில் இருந்து துண்டித்துவிடும்படி அமைக்கிறார்கள்.

சரி, அந்த ஸ்டோரேஜே முடங்கினால்?

2021 பிப்ரவரி 24 அன்று அதுதான் நடந்தது. மும்பையில் உள்ள தேசிய பங்குச்சந்தைக்கும் அதன் அருகிலுள்ள மாற்று மையத்துக்கும் இடையே, இரண்டு நிறுவனங்களின் தனித்தனி இணைப்புகள் இருந்தன. இரண்டும் துண்டானதில், ஸ்டோரேஜ் அமைப்பு சர்வர்களுக்குப் பதில் சொல்லாமல் நின்றது. காலை 11.40-க்கு நின்ற வர்த்தகம், மாலை 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கியது. சென்னையில் தனியாக ஒரு மாற்று மையம் இருந்தும், அன்று வர்த்தகம் அதற்கு மாற்றப்படவில்லை.

அடுத்த மாதமே செபி விதியைக் கடுமையாக்கியது. முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடங்களில் 'பேரிடர்' என அறிவிக்க வேண்டும். அடுத்த 45 நிமிடங்களில் சேவையை மீட்க வேண்டும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை அன்று, மாற்று மையத்துக்கு மாறி நிஜ வர்த்தகமே நடத்திப் பார்த்தார்கள். லாரிக்கார ஊரான நாமக்கல்லுக்கு இது புதிதல்ல. ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது, வண்டி கிளம்பும் முன்புதானே!

ஸ்டெப்னியே இல்லாமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு தென் கொரியா சாட்சி. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜியான் நகரில் அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த 'ஜி-டிரைவ்' அழிந்தது. போனது 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்று, அதற்கு வெளியே வேறு பிரதியே வைக்கவில்லை.

நம் வீட்டுக்கும் கடைக்கும் இதில் பாடம் உண்டு. தொழில்நுட்பக்காரர்கள் '3-2-1' என்பார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். கடையின் பில்லிங் கணக்கைத் தினமும் தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்தால், வைரஸ் வரும்போது அதுவும் சேர்ந்து போகும். கிளவுடுடன் 'சிங்க்' ஆகும் போட்டோக்களை மட்டும் நம்ப வேண்டாம். போனில் அழித்தால், பெரும்பாலும் அங்கேயும் அழிந்துவிடும்.

முக்கியமாக, மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பில் இருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்!