நிறமும் ஒளியும்

விலங்குகளும் கால்நடைகளும் பல நிறங்களில் படைக்கப்பட்டிருப்பதைத் திருமறையின் ‘ஃபாத்திர்’ அத்தியாயம் நம் சிந்தனைக்கு முன்வைக்கின்றது. அந்நிறங்களை உற்று நோக்கும் பயிற்சியை, வண்ணமற்ற படங்களையே பெரிதும் எடுத்த ஒரு தமிழரிடம் கற்கலாம் என்பது வியப்பன்றோ?

நம் அண்டை மாவட்டமாகிய திருநெல்வேலியில் 1912ஆம் ஆண்டு பிறந்தவர் மா. கிருஷ்ணன், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தர். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல், 1996இல் மறையும் வரை இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். வண்ணப் படச்சுருள் பரவிய பின்னரும் அவர் கறுப்பு வெள்ளையைக் கைவிடவில்லை.

காட்டு யானைகளை அவர் எடுத்த படங்கள் புகழ் பெற்றவை. யானையின் உடலோ ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறம். பக்கவாட்டில் ஒளி விழும்போதுதான் தோலின் ஒவ்வொரு சுருக்கத்திலும் சிறு நிழல் தோன்றி, உடலின் திரட்சி புலப்படும். உச்சி வெயிலில் முதுகு வெளிறிவிடும்; கண் நிழலில் மறைந்துவிடும். நிறத்தின் துணையின்றிப் படமெடுப்பவர் ஒளி வரும் திசையைக் கவனித்தே ஆகவேண்டும்.

இதை அறியக் காட்டிற்குச் செல்ல வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் நம் அருகிலேயே இருக்கின்றன. நண்பகலில் எடுத்தால் வெண்கொக்கு வெறும் வெள்ளைத் திட்டு. நீர்க்காகம் வெறும் கறுப்புத் திட்டு. காலைச் சாய்வொளியிலோ கொக்கின் இறகுகள் தனித்தனியே தெரியும். நீர்க்காகத்தின் கறுப்பிலும் ஒரு மினுமினுப்பு எழும். ஒளியைக் கவனித்தவனுக்கு நிறமும் வசப்படுகிறது.

இன்று நம் பிள்ளைகளின் கைகளில் கைப்பேசிக் கேமரா இருக்கிறது. சிலர் பறவை பறக்கும் காட்சிக்காகக் கல்லெறிகிறார்கள். கூட்டின் அருகே சென்று எட்டிப் பார்க்கிறார்கள். தாய்ப்பறவை அஞ்சி அகன்றால், முட்டைகள் வெயிலுக்கும் காகத்திற்கும் இரையாகும். குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த பறவையிடம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஓருயிரை வெருட்டிப் பெறும் படம் எத்துணை வண்ணமயமாயினும் நமக்கு அழகாகுமா?

பெற்றோர்களே! ஒரு விடுமுறை நாளில், சுபுஹு தொழுகைக்குப் பின் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொலைவில் அமைதியாய் அமர்ந்து, பறவைகளின் மீது ஒளி படிவதை முதலில் கண்ணால் காணச் செய்யுங்கள். கேமராவைப் பிறகு கொடுக்கலாம்.