முதல் கூட்டம் செட் ஆகலையா? குடியிலிருந்து மீள உங்களுக்கான குழுவைக் கண்டுபிடிப்பது எப்படி

38 பேரில் ஒருவர். இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஓர் உதவியோ சிகிச்சையோ கிடைத்ததாகச் சொன்னவர்கள் இவ்வளவுதான். சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி, 2019-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்லும் கணக்கு இது. அதே ஆய்வின்படி நாட்டில் மது அருந்துபவர்கள் சுமார் 16 கோடி. அதில் சுமார் 2.9 கோடி பேர் குடிக்கு அடிமையானவர்கள்.

மீதி 37 பேரும் முயற்சியே செய்யாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கூட்டத்துக்குப் போய், 'இது நமக்கானது இல்லை' என்று திரும்பி வந்தவர்களும் இருப்பார்கள். நீங்கள் அப்படி வந்தவரா? இல்லை, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவரா? இது உங்களுக்குத்தான்.

முதலில் டாக்டர், அப்புறம்தான் கூட்டம்

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு முடியாது. முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் கடுமையான மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நிறுத்துவதை மருத்துவர் மேற்பார்வையில் செய்யுங்க. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

என்னென்ன குழுக்கள் இருக்கு?

அதிகம் அறியப்பட்டது 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. 'திறந்த' கூட்டத்துக்கு யாரும் போய்க் கேட்கலாம். 'மூடிய' கூட்டம் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். சும்மா உட்கார்ந்து பார்க்க நினைப்பவருக்குத் திறந்த கூட்டம்தான் வசதி.

ஏஏ-வின் 12 படிகளில் கடவுள், உயர்ந்த சக்தி பற்றிய பேச்சு வரும். அது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் ஸ்மார்ட் ரெகவரி இருக்கிறது. 1994-ல் தொடங்கிய, மதம் சாராத அமைப்பு; உளவியல் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டது, ஆன்லைன் கூட்டங்களும் உண்டு. குடிப்பவர் நீங்கள் இல்லை, அப்பாவோ கணவரோ என்றால், குடும்பத்தினருக்கான அல்-அனான் தனியாக இருக்கிறது.

இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

காக்ரேன் அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளோடு அலசியது. ஏஏ-வோடு இணைக்கும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் 42% பேர் ஓராண்டு கழித்தும் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் அது 35%.

இந்த எண்ணில் இரண்டு விஷயங்களைக் கவனிங்க. ஒன்று, 42 என்பது 100 இல்லை. ஒரே வழி எல்லோருக்கும் பொருந்துவதில்லை. இரண்டு, அந்த 42%-ல் இருப்பவர்கள் தாங்களாகவே கூட்டத்தில் போய் உட்கார்ந்தவர்கள் இல்லை. குழுவில் சேர்ந்து நிலைக்க, ஒரு சிகிச்சையாளர் திட்டமிட்டு உதவியிருக்கிறார். அதனால் கூட்டத்துக்குப் போவதை உங்கள் டாக்டரிடமோ கவுன்சிலரிடமோ சொல்லிவிட்டுப் போங்க.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

மொழி: பெங்களூருவிலோ குருகிராமிலோ ஆபீஸ் ஆங்கிலத்தில் ஓடலாம். ஆனால் அம்மாவிடம் பொய் சொன்னதையும், காலையில் கை நடுங்கியதையும் எந்த மொழியில் சொல்ல வருகிறதோ, அந்த மொழிக் கூட்டம்தான் உதவும். ஊரில் தமிழ்க் கூட்டம் இல்லையென்றால் ஆன்லைனில் தேடுங்க.

நேரம்: உங்களுக்குக் குடிக்கத் தோன்றும் நேரம் எது? வெள்ளிக்கிழமை இரவு என்றால், ஞாயிறு காலைக் கூட்டத்தைவிட வெள்ளி மாலைக் கூட்டம் பயன் தரும்.

ஆட்கள்: அதே எய்ம்ஸ் ஆய்வில் ஆண்களில் 27.3% பேர் குடிப்பதாகவும், பெண்களில் 1.6% பேர் குடிப்பதாகவும் தெரிகிறது. பெண்ணாகப் போனால் அந்த அறையில் நீங்கள் ஒருவராக மட்டுமே இருக்க வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு மட்டுமான கூட்டம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்க.

உஷார்: பணம் கட்டச் சொன்னாலோ, டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, யோசிக்காமல் வேறு குழுவுக்கு மாறுங்க.

ஆபீஸுக்குத் தெரிஞ்சிடுமா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சிகிச்சை தருபவர் உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர். ஆனால் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அங்கே ரகசியம் என்பது ஒருவருக்கொருவர் வைத்திருக்கும் நம்பிக்கை. அதனால் கம்பெனி பெயரைச் சொல்ல வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண்ணும் புரொஃபைல் படமும் மற்றவர்களுக்குத் தெரியலாம் என்பதை மறக்காதீங்க. ஆன்லைன் கூட்டத்தில் பெயரை மாற்றிக்கொண்டு, கேமராவை அணைத்து வைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்க.

எத்தனை முறை போய்ப் பார்ப்பது?

ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீங்க. குறைந்தது நாலைந்து கூட்டம், அதுவும் வேறு வேறு குழுக்கள். வீடு பார்க்கும்போது முதல் வீடு பிடிக்காவிட்டால் தெருவில் தூங்குவதில்லையே!

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால்? 'இனி எந்த முகத்தோட போறது' என்று தோன்றும். நிறையப் பேர் நின்றுபோவது அந்த இடத்தில்தான். ஏஏ-வில் உறுப்பினராக ஒரே ஒரு நிபந்தனைதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். ஏற்கெனவே நிறுத்தியிருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.