போனை எடுக்காத ஏலதாரருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது?

வங்கிகளின் வசூல் பிரிவில் பணிபுரியும் நம் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மின்னேலம் முடிந்துவிட்டது, அதிக விலை கேட்டவர் யாரென்று திரையில் தெரிகிறது. 25 சதவீதம் கட்டச் சொல்லிக் கூப்பிட்டால் போன் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது, மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. ராஜபாளையம் நூற்பாலைக் கட்டடம், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் என எது ஏலத்துக்கு வந்தாலும் கேட்பவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டியதில்லை. கோவையிலோ சென்னையிலோ உட்கார்ந்து, சொத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் விலை கேட்கலாம். அப்படிப்பட்டவருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது?

சட்டம் கொடுத்திருக்கும் நேரம் வரை. அதற்குமேல் ஒரு நாள்கூட வேண்டாம். இதுவே நம் இதழின் நிலை.

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. நீதிமன்ற ஏலத்தின் ஒழுங்கு இந்த ஊருக்குப் புதிதல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளை, 84ஆம் விதிப்படி ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை அங்கேயே கட்டவேண்டும். மீதிக்கு 85ஆம் விதி 15 நாள் தருகிறது. கட்டத் தவறியவரால் மறுஏலத்தில் விலை குறைந்தால், அந்தக் குறைவை 71ஆம் விதிப்படி அவரிடமே வசூலிக்கலாம். இந்தக் காலக்கெடுக்கள் கட்டாயமானவை என்று உச்ச நீதிமன்றம் 1954லேயே தீர்ப்பளித்திருக்கிறது. நீதிமன்ற ஏலத்தில் கேட்டவர் எதிரிலேயே நிற்பார். மின்னேலத்தில் ஆள் எதிரில் இல்லை என்பதால் கெடுவைத் தளர்த்திக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. ஆள் எதிரில் இல்லாதபோதுதான் கெடு இன்னும் இறுக்கமாக இருக்கவேண்டும்.

சர்ஃபாசி சட்டத்தின் 2002ஆம் ஆண்டு விதிகள் இதில் குழப்பம் வைக்கவில்லை. விதி 9(3)இன்படி ஏலம் எடுத்தவர் அன்றைக்கே, அல்லது அடுத்த வேலைநாளுக்குள், முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 25 சதவீதம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் சொத்தை மறுபடி விற்கவேண்டும். குறைந்தபட்ச விலை 80 லட்சம், முன்வைப்பு 8 லட்சம், ஏலம் போனது 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வேலைநாள் முடிவதற்குள் இன்னும் 17 லட்சம் வந்தாகவேண்டும். வரவுவைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சொத்தின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்தம் செய்யவேண்டும். 25 லட்சத்துக்கான 25,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 16,75,000 அனுப்பியவரைப் பணம் கட்டத் தவறியவர் என்று எழுதிவிடக்கூடாது.

அந்த ஒரு நாளில் அலுவலர் செய்யும் வேலைதான் பிறகு மதுரை கடன் வசூல் தீர்ப்பாயத்தில் பேசும். ஏலம் முடிந்த உடனே, கட்டவேண்டிய தொகை, கணக்கு எண், கெடு மூன்றையும் எழுதிப் பதிவு செய்த மின்னஞ்சலுக்கும் குறுஞ்செய்திக்கும் அனுப்புங்கள். தந்த முகவரிக்கு விரைவு அஞ்சலும் போகட்டும். போன் செய்த நேரத்தைக் கோப்பில் குறியுங்கள். கெடு முடிந்ததும் வரவுக் கணக்கை ஒருமுறை சரிபார்த்து, விற்பனை நிறைவேறவில்லை என்ற உத்தரவில் அன்றே கையெழுத்திடுங்கள். “பேசினோம், தருவதாகச் சொன்னார்” என்ற குறிப்பு எந்தத் தீர்ப்பாயத்திலும் நிற்காது.

முன்வைப்புத் தொகையைப் பறிமுதல் செய்வதில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. விதி 9(5) பறிமுதல் பற்றிச் சொல்வது, 9(4)இன்படி மீதித் தொகையைக் கட்டத் தவறியவருக்கு. 25 சதவீதத்தையே கட்டாமல் போனவருக்கு 9(3) மறுவிற்பனையை மட்டுமே சொல்கிறது. ஆகவே முன்வைப்பைப் பறிமுதல் செய்யும் உரிமை உங்கள் ஏல நிபந்தனைகளில் தெளிவாக அச்சாகியிருக்கவேண்டும். பழைய அறிவிப்பை அப்படியே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் கிளைகள் இதை உடனே சரிபார்க்கவேண்டும்.

25 சதவீதம் கட்டியபின் காணாமல் போகிறவர் வேறு வகை. மீதிக்கு, விற்பனை உறுதியான நாளிலிருந்து 15 நாள். எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் நீட்டிப்பு உண்டு, அதுவும் மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது. அவர் பேசாமல் இருப்பதை நீட்டிப்புக் கோரிக்கை என்று நாமே எடுத்துக்கொள்ள முடியாது. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா சம்பந்தப்பட்ட தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 2 அன்று தந்த தீர்ப்பை ஒவ்வோர் அலுவலரும் படிக்கவேண்டும். 2016 டிசம்பரில் 12.27 கோடிக்கு ஏலம் எடுத்தவர் மீதியைக் கட்டவில்லை. அவர் கட்டிய 3 கோடிக்கும் மேற்பட்ட தொகையை வங்கி முழுவதுமாகப் பறிமுதல் செய்தது செல்லும் என்றது நீதிமன்றம். ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகளைக் காட்டி நட்டக் கணக்குப் பார்க்க இங்கே இடமில்லை என்றும், ஏலதாரர்கள் நினைத்தபோது கழன்றுகொள்ள முடிந்தால் ஏலமே கேலிக்கூத்தாகிவிடும் என்றும் காரணம் சொன்னது.

முதல் ஆள் கிடைக்காதபோது இரண்டாவது அதிக விலை கேட்டவரைக் கூப்பிட்டு முடித்துவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். விதி சொல்வது மறுவிற்பனை. அந்தக் கதவைத் திறந்துவிட்டால் இருவர் கூடிப் பேசிக்கொள்ள வழி பிறக்கும். ஒருவர் விலையை உயர்த்தி மற்றவர்களை விரட்டிவிட்டு மறைவார், அடுத்தவர் குறைந்த விலைக்குச் சொத்தைக் கொண்டுபோவார். உண்மையிலேயே வாங்க விரும்புகிறவர் மறுஏலத்துக்கும் வருவார். அதற்கு 15 நாள் அறிவிப்பு போதும்.

காணாமல் போகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். விலை கேட்டபிறகு நேரில் போய்ப் பார்க்கிறார்கள். உள்ளே வாடகைதாரர் இருக்கிறார், இடத்துக்கு வண்டிப்பாதை இல்லை, பட்டா வேறு பெயரில் இருக்கிறது. ‘உள்ளது உள்ளபடி’ என்ற சொற்றொடர் வங்கிக்குச் சட்டக் காப்பு தரலாம், வாங்குபவருக்கு நம்பிக்கை தராது. வில்லங்கச் சான்று, பட்டா, அனுபவ நிலை, பாதை ஆகிய விவரங்களை முன்பே வெளியிட்டு, பார்வையிடும் நாளன்று கிளையிலிருந்து ஓர் ஆள் சொத்தில் நின்றால், பாதிப் பேர் காணாமல் போகக் காரணமே இருக்காது.

இத்தனை கண்டிப்பு எதற்கு? ஏலம் இழுபடும் ஒவ்வொரு நாளும் கடன்தாரர் கணக்கில் வட்டி ஏறுகிறது. சர்ஃபாசி சட்டத்தின் 13(7)ஆம் பிரிவுப்படி வங்கிப் பாக்கி போக மிஞ்சும் பணம் அவருக்கு உரியது. விலை குறைந்து பாக்கி நின்றால் அதற்கும் பொறுப்பு அவரே. முகம் தெரியாத ஏலதாரருக்கு நாம் காட்டும் தாராளம், வீட்டையும் ஆலையையும் ஏற்கெனவே இழந்து நிற்கும் ஒருவரின் பணத்திலிருந்து போகிறது. அதைக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. கெடு முடிந்த மாலையே மறுஏல உத்தரவில் கையெழுத்துப் போடுங்கள்.