கரந்துசெல்லும் ஆட்டம்: 'ஹிட்மேன் 2' ஆடிமுடித்தபின் எழுந்த சில எண்ணங்கள்

கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியிலே கணினி விளையாட்டொன்றைப் பற்றி எழுதப் புகுவோமாயின், நம் ஆசிரியருள் மூத்தோர் சிலர் புருவம் நெரிப்பர் என்பதை யாம் அறியாமலில்லை. நூலொன்றையோ நாடகமொன்றையோ ஆராய்தலே இப்பக்கங்களின் மரபு. ஆயினும், இற்றைநாள் மாணவருட் பலர் நூல் வாசித்தற்குச் செலவிடும் காலத்தினும் மிகுந்த காலத்தைத் திரைவிளையாட்டுக்களிற் செலவிடுகின்றனர். நம் இரவுகளை இவ்வளவு கவர்ந்துகொள்ளும் ஒன்று நமக்கு யாது கற்பிக்கின்றதென ஒருமுறையேனும் நின்று வினவாதிருத்தல் கற்பார்க்கு அழகன்று. ஆதலின், சென்ற விடுமுறையில் விடுதியிலேயே தங்கி, எம் அறைத்தோழர் இருவருடன் மூன்று வார இரவுகளில் ஆடிமுடித்த 'ஹிட்மேன் 2' என்னும் விளையாட்டைக் குறித்து எமக்குத் தோன்றியவற்றை ஈண்டுக் கூறுவாம்.

இவ்விளையாட்டு 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளிவந்தது. 2016-இல் வந்த 'ஹிட்மேன்' என்பதன் தொடர்ச்சி இது. இவ்வரிசையின் முதல் விளையாட்டு 2000-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 2002-இல் வந்த மற்றொன்றும் 'ஹிட்மேன் 2' என்றே பெயர் பூண்டிருந்தமையால் வாசகர் இரண்டையும் ஒன்றென மயங்காதிருப்பாராக. இதனை ஆக்கியோர் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனிலுள்ள ஐஓ இன்டராக்டிவ் என்னும் நிறுவனத்தார். அந்நாட்டு மன்னன் அனுப்பிய சீகன்பால்கையர் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் பயின்றதும், அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அங்கேயே அச்சேறியதும் நம் கல்லூரியார் நன்கறிந்த வரலாறு. முந்நூறு ஆண்டுகளுக்குப்பின் அதே நாட்டிலிருந்து நம் விடுதியறைக்கு வந்து சேர்ந்த சரக்கு இது!

கதைத்தலைவன் 'ஏஜண்ட் 47' எனப்படும் கூலிக்கொலைஞன். மழித்த தலையும், பிடரியிற் பச்சைகுத்திய பார்கோடும், உணர்ச்சி காட்டாத முகமும் உடையவன். ஏனைய துப்பாக்கி விளையாட்டுக்களில் விரைவே வெற்றிக்கு வழி. இதிலோ பொறுமையே வழி. காவலன் எப்போது திரும்புவான், எந்தக் கதவு தாழிடாமற் கிடக்கும், யார் யாரோடு என்ன பேசுகின்றனர் என்பவற்றைச் செவியும் கண்ணும் திறந்து நெடுநேரம் நோக்கியிருத்தல் வேண்டும். பின்னர் ஒரு தொழிலாளியை மயக்கி வீழ்த்தி, அவன் உடையை அணிந்துகொண்டு, அவனுக்குத் திறந்த வாயில்களின் வழியே நடந்து செல்லலாம். குறித்த ஆளையன்றிப் பிறர் எவரையும் கொல்லாமல், எவர் கண்ணிலும் ஐயம் எழுப்பாமல், காமிராவிலும் பதியாமல் மீள்வோனுக்கே 'சைலன்ட் அஸாஸின்' என்னும் உயர்ந்த பட்டம் கிட்டும்.

தொடர்ச்சியென்று வரும் நூல்களும் படங்களும் முன்னதையே இருமடங்காக்கிக் காட்டுதல் பெருவழக்கு. இவ்விளையாட்டு அத்தவற்றைப் பெரும்பாலும் தவிர்த்துள்ளது. உயர்ந்த புற்களிடையிலும் செடிகளிடையிலும் பதுங்கலாம். மக்கட்கூட்டத்தினுட் கலந்து மறையலாம். அதற்கு ஈடாக, கண்ணாடியில் உன் உருவம் தெரியின் முதுகுகாட்டி நிற்கும் காவலனும் உன்னைக் கண்டுகொள்வான். மறைதற்கு இடம் பெருகிய அளவிற்கு அகப்படுதற்கும் வழி பெருகியிருத்தலே இதன் சிறப்பு. குறையும் உண்டு. ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் இடையே கதையை அசையாச் சித்திரங்களாற் காட்டியிருத்தல், கூத்தர் ஆடவேண்டிய இடத்தில் அவர்தம் நிழற்படங்களை மேடையில் நிறுத்தியது போலும் உளது. கதையும் முற்றுப்பெறவில்லை, 2021-இல் வந்த மூன்றாம் பகுதியை நாடவேண்டும்.

நியூஜிலாந்து, மயாமி, கொலம்பியா முதலிய இடங்களைக் கடந்து ஆட்டம் மும்பைக்கு வருகின்றது. யாம் மிக விரும்பி ஆடிய பகுதி இதுவே. குடிசை நெருக்கமும், துணி துவைக்கும் துறையும், முற்றுப்பெறாது நிற்கும் அடுக்குமாளிகையும் அங்கே உள. அங்கு 47 தேடும் மூவருள் ஒருவன் முகத்தை அறிந்தோர் அரியர். அவனும் கூட்டத்தினுட் கரந்தே உறைகின்றான். ஆகவே ஒளிந்து திரிபவன் ஒளிந்து திரிபவனைத் தேடுகின்றான். நாவிதனாக, தையற்காரனாக, ஓவியனாக, வண்ணானாக, உணவு விற்போனாக, ஈற்றில் ஒரு சாமியாராகவுங்கூட 47 வேடம் புனையலாம். நாவிதனாகிச் சவரக்கத்தியுடன் ஒருவன் கழுத்தருகே நிற்கலாம். தையற்காரனாகி ஆடைக்கு அளவெடுக்கும் பாவனையில் பகைவியின் தனியறைக்குள் நுழையலாம். உயரமும் நிறமும் முகமும் வேறாகிய ஒருவன் உடைமாற்றிய அளவில் யாவரும் நம்பிவிடுகின்றனரே, இஃது என்ன நகைப்பு என்று முதலில் எள்ளினோம். அவ்வெள்ளல் பின்னர் எம்மீதே திரும்பியது. அதனை இறுதியிற் கூறுவாம்.

ஆட்டம் முடிந்த வாரத்திலே, விழித்துச் சிவந்த கண்களுக்குக் கடற்காற்று நன்றென்று எண்ணி, செங்கற்பட்டு வரை இரயிலிலும் அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்திலும் மாமல்லபுரம் சென்றோம். ஏறத்தாழ 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் உள்ள அந்தப் பாறைச் சிற்பத்தின்முன் நின்றோம். அருச்சுனன் தவமென்பார் சிலர்; பகீரதன் தவமென்பார் சிலர். மேலே விலாவெலும்பு தெரிய ஒற்றைக்காலில் நின்று இரு கைகளையும் உயர்த்திய தவசி. கீழே, யானைகளின் அருகே, பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கிய பூனை; அதனருகே எலிகள். கங்கைக்கரையில் தவவேடம் பூண்டு எலிகளை நம்புவித்து உண்ட பூனையின் கதை பாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருவது. இப்பூனையைச் சிறுவயதிலிருந்து பலமுறை கண்டு சிரித்துள்ளோம். இம்முறை எமக்கு மும்பைச் சாமியார் வேடத்தில் நின்ற 47 நினைவிற்கு வந்தான். தவவேடத்தில் மறைந்து தீமை செய்வோனை, புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனுக்கு வள்ளுவனார் ஒப்பிட்டார். கோபன்ஹேகனார் புதிதாகச் சேர்த்த புதரும், அவர் காட்டிய சாமியாருடையும் அக்குறளில் ஒருங்கே இருத்தல் வியப்பன்றோ?

மாமல்லபுரத்துக்கு வடக்கே அதே கடற்கரையிலுள்ளது கோவளம். பூனையின் கரவு கற்சிற்பம். 47-இன் கரவு திரைச்சித்திரம். மெய்யாகவே குருதி சிந்திய கரவொன்று 1752-இல் இவ்விடத்தே நிகழ்ந்தது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளக் கோட்டையை ராபர்ட் கிளைவு அப்போதுதான் கைப்பற்றியிருந்தான். அது பணிந்த செய்தி எட்டாமையால், செங்கற்பட்டுக் கோட்டையிலிருந்து ஒரு படை அதற்கு உதவியாகப் புறப்பட்டு வந்தது. கிளைவு தன் படையை வழியில் மறைத்து வைத்தான். ஒரே சுடுதலில் நூறுபேர் மாண்டனரென்றும், முந்நூறுபேர் சிறைப்பட்டனரென்றும், எஞ்சியோரைத் துரத்திச் சென்று செங்கற்பட்டையும் அவன் முற்றுகையிட்டுப் பெற்றானென்றும் மக்காலே பிரபு எழுதியுள்ளார். கிளைவின் படையிலிருந்தோர் பழக்கமில்லாப் புதியோர்; பீரங்கி ஓசைக்கு அஞ்சிய காவற்காரன் ஒருவன் சிலமணி நேரத்திற்குப்பின் ஒரு கிணற்றின் அடியிலே காணப்பட்டானென்பதும் அவர் எழுதியதே. திரும்பும்போது செங்கற்பட்டு இரயில் நிலையத்தருகே கொளவாய் ஏரியைப் பார்த்து நின்றபோது, அந்த நூறுபேரின் நினைவு எம்மை வருத்தியது. விளையாட்டிலே தவறினால் முன்பு சேமித்த இடத்திற்குத் திரும்பலாம். விழுந்தவன் எழுந்து மீண்டும் தன் தெருவில் நடப்பான். கோவளத்துச் சாலையில் விழுந்தவர் எழுந்திலர்.

இவ்விளையாட்டினால் இளைஞர் கொலைஞராவர் என்று அஞ்சுவோரோடு யாம் உடன்படவில்லை. கண்ணாமூச்சி ஆடிய குழந்தைகள் திருடராயினர் அல்லர். ஆயின், இது வெறும் விளையாட்டு, இதில் ஆராய யாதுமில்லை என்போரோடும் உடன்படற்கியலவில்லை. எமது குறை வேறு. கொல்லப்படுவோர் யாவரும் தீயோர் என்று ஒவ்வொரு பணியின் தொடக்கத்திலும் ஒரு குரல் அறிவித்துவிடுகின்றது. காவலனின் நடையை அங்குலம் அங்குலமாக ஆராயும் ஆட்டக்காரன், அத்தீர்ப்பை ஒருகணமும் ஆராய்வதில்லை. கண்ணுக்கு இவ்வளவு பயிற்சி தரும் விளையாட்டு, மனச்சான்றை உறங்கவிடுகின்றது.

கரவு எல்லாம் கொலைக்கே உரியதன்று என்பதற்கு நம் கதைகளிலேயே சான்று உண்டு. கல்கி அவர்களின் 'பார்த்திபன் கன'விலே நரசிம்ம பல்லவன் சிவனடியார் வேடத்தில் உலவுகின்றான். போர்க்களத்தில் வீழ்ந்த பகைவனாகிய பார்த்திபனுக்குக் கொடுத்த வாக்கின்படி, அவன் மகனை வீரனாக வளர்த்தற்பொருட்டே அவ்வேடம். அதே வெண்ணீறு, அதே சடை. பூனைக்கு அஃது இரைதேடும் வழி, மன்னனுக்கு வாக்குக் காக்கும் வழி. கரந்துசெல்லும் கலையை இத்துணைத் திறமையுடன் கற்பிக்கும் நிறுவனத்தார், ஒருவனைக் காத்தற்கென ஒரு பணியையும் அமைத்திருப்பாராயின், ஆடுவோர் கையும் நடுங்கியிருக்கும், நெஞ்சும் கனிந்திருக்கும் என்பது எமது துணிபு.

நிற்க. இவ்விளையாட்டு எமக்குச் செய்த நன்மை ஒன்றுண்டு. அதனைக் கூறாது விடுதல் நன்றியின்மையாகும். வேடம் புனைந்த 47-ஐப் பெரும்பாலோர் கண்டுகொள்ளார் என்றோம். ஆயினும் ஒவ்வொரு தொழிற்கூட்டத்திலும் தம் ஆட்களை முகமறிந்தோர் சிலர் உளர். அவர் தலைமேல் ஒரு வெண்புள்ளி தோன்றும். அவர்முன் செல்லின் வேடம் பலிக்காது. ஏனையோர் உடையைப் பார்க்கின்றனர். இவர்களோ ஆளைப் பார்க்கின்றனர். பார்வையிழந்த ஈசாக்கு, யாக்கோபின் குரலைக் கேட்டறிந்தும், கையின் உரோமத்தையும் உடையின் மணத்தையும் நம்பி ஏமாந்த வரலாற்றை நம் காலை வணக்கத்திற் பலமுறை கேட்டுள்ளோம். கண்ணுடைய நாமும் அவ்வாறே என்று யாம் கருதியதில்லை.

ஆட்டத்தை முடித்த இரவு கழிந்து விடியற்காலையில், வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மையார் எம் அறைவாயிலில் நின்று, "என்ன தம்பி, ராத்திரி முழுக்க விளக்கு எரிஞ்சுதே, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா?" என்று வினவினார். இல்லையென்று நாணத்துடன் விடைகூறினோம். எம்முள் எவர் ஊருக்குச் செல்லவில்லை, எவருக்குச் சென்ற திங்களிற் காய்ச்சல் கண்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்றாண்டுகளாக அவ்வராந்தாவில் நாள்தோறும் அவரைக் கடந்து சென்ற எமக்கோ அவர் பெயர் தெரியாது. அவர் அணியும் நீலநிற மேற்சட்டையை மட்டும் அறிவோம். அச்சட்டையை வேறொருத்தி அணிந்து மறுநாள் வந்திருப்பின், யாம் கண்டுகொண்டிருப்போமோ? மும்பைக் காவலரை எள்ளி நகைத்த எம் வாய் அக்கணமே அடைத்தது.

அன்று அவர் பெயரைக் கேட்டறிந்தோம். வாயிற்காவலர் இருவர் பெயரையும், உணவுக்கூடத்திற் பரிமாறுவோர் பெயர்களையும் அதன்பின் ஒவ்வொன்றாய் அறிந்தோம். இதனைப் பெருமையாகக் கூறவில்லை. மூன்றாண்டு தாழ்த்த கடமையைக் கூறுவதில் பெருமை யாது?

மாணவ நண்பர்காள்! இவ்விளையாட்டை ஆடவேண்டாவென்று யாம் தடுக்கவில்லை. தேர்வுக்கு முந்திய வாரங்களில் மட்டும் தொடாதொழிக. ஆடுங்கால், 47-இன் திறமையை வியப்பதோடு நில்லாது, அவனை உள்ளே விட்டோரின் கண்களையும் சிறிது நினைமின். அவ்விளையாட்டை ஆக்கினோர் நம் கல்லூரியையும் ஒரு களமாக அமைத்திருப்பாராயின், எங்கள் தலைமேல் வெண்புள்ளி தோன்றியிராது. துடைப்பங்கொண்டு நின்ற அவ்வம்மையாரின் தலைமேல் தோன்றியிருக்கும்.