முன்பாரமும் பின்பாரமும்

வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வெளியூர் செல்லுதல் கொங்குநாட்டார்க்குப் புதிய வழக்கம் அன்று. தைப்பூசத்திற்குப் பழநி செல்வோர் கூண்டு வண்டியிற் பாயும் பாத்திரமும் அரிசியும் பருப்பும் ஏற்றி, வழியிலே ஆற்றங்கரை கண்டவிடத்து அவிழ்த்துவிட்டு, கல்லை அடுப்பாகக் கூட்டிச் சமைத்துண்டு, வண்டியினுள்ளும் அதன் அடியிலும் உறங்கி, விடியுமுன் மீண்டும் நுகம் பூட்டிப் புறப்பட்டதை நம் பாட்டன்மார் அறிவர். மேனாட்டார் 'கேம்பர் டிரெயிலர்' என வழங்கும் சிறு உறங்கு வண்டி, இக்காலத்தே நம் நாட்டிலும் ஒருசிலர் விரும்பும் பொருளாகியிருக்கின்றது. உற்று நோக்குவார்க்கு அது நம் கூண்டு வண்டிக்கு நெருங்கிய உறவினதே. காளைக்கு ஈடாக மோட்டாரும் நுகத்திற்கு ஈடாகக் கொக்கியும் வந்துள்ளன; அவ்வளவே வேற்றுமை.

இப்பொருள் குறித்து யாம் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்றவர், அண்மையில் எம்மைக் காண வந்தார். முப்பதாண்டு உழைத்துச் சேர்த்த வைப்பு நிதியிற் பெரும்பகுதியைக் கொண்டு ஹைப்ரிட் மோட்டார் ஒன்றும் சிறு டிரெயிலர் ஒன்றும் வாங்கி, மனைவியோடும் பேரக்குழந்தைகளோடும் உதகைக்கும் வால்பாறைக்கும் சென்று தங்குவது அவர்தம் நெடுநாள் ஆவல். விற்பனையாளர் ஒருவர் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குக் கூறினாராம். பட்டறைக்காரர் ஒருவர், கொக்கியை ஒரே நாளிற் பற்றவைத்துத் தருவதாக உறுதி கூறினாராம். "வாங்கலாமா?" என அவர் எம்மை வினவினார். அன்று அவர்க்கு விடையாகக் கூறியதனையே ஈண்டு விரித்துரைக்கின்றோம். அவரைப் போன்றே எண்ணுவோர் நம் பழைய மாணவருள் இன்னும் சிலர் இருத்தல் கூடும்.

ஹைப்ரிட் என்பது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் கூடி இயக்கும் கலப்பு வண்டி. இக்கருத்து நேற்றுப் பிறந்ததன்று. 1900-ஆம் ஆண்டளவிலேயே பெர்டினாண்டு போர்ஷே அத்தகைய வண்டியொன்றை அமைத்தார். ஆயினும் மக்கள் பலரும் வாங்கத்தக்க வகையில் அது பெருவழக்கிற்கு வந்தது, 1997-இல் ஜப்பானில் டொயோட்டாவின் பிரியஸ் வெளிவந்த பின்னரே. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்டு விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் ஹைப்ரிட் வகைகள் அடுத்தடுத்துத் தோன்றின. ஹைகிராஸுக்கு லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர் என்றும், ஹைரைடருக்கு 27.97 என்றும் சோதனைக் கணக்கு வெளியிடப்பட்டது.

இக்கணக்கினைப் பொய்யென்று யாம் சொல்லோம். ஆனால் அது எவ்விடத்துப் பயன் என்பதை உணர்தல் வேண்டும். கலப்பு வண்டியின் சிக்கனம் பெரும்பாலும் நின்று நின்று செல்லும் நகர வீதியிலே பிறக்கின்றது. பிரேக்கை அழுத்துந்தோறும் வீணாகும் விசையை மின் மோட்டார் மீட்டு மின்கலத்திற் சேர்க்கின்றது. புறப்படுந்தோறும் அதனையே செலவிடுகின்றது. காந்திபுரத்து நெரிசலில் இஃது அருமையான ஏற்பாடு. வண்டிக்குப் பின்னே உயர்ந்ததொரு பெட்டியைக் கட்டி நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டும்பொழுதோ, மீட்பதற்கு விசை அதிகம் இல்லை. காற்றைக் கிழிப்பதற்குச் செலவோ மிகுதி. ஆகவே எண்ணெய்ச் சிக்கனம் கருதி மட்டும் இழுவைக்கு ஹைப்ரிட்டைத் தேர்தல், நெல் அளக்கும் மரக்காலாலே துணி அளப்பது போலாகும்.

இனி மலையேற்றத்தைக் கருதுவோம். கார் 1,650 கிலோ, ஆட்களும் பொருள்களும் 350 கிலோ, சிறு டிரெயிலர் 500 கிலோ, ஆக 2,500 கிலோ என்று கொள்க. பன்னிரண்டடிக்கு ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இதனை ஏற்றுதற்கு ஏறத்தாழ 20 கிலோவாட் ஆற்றல், அஃதாவது 27 குதிரைத்திறன் போதும். சிறிய ஹைப்ரிட் வண்டியின் எஞ்சினுக்கும் அதனினும் மும்மடங்கு ஆற்றல் உண்டு. ஆதலின் "மலை ஏறுமா?" என்ற அச்சம் வேண்டுவதில்லை, ஏறும். நெடுநேரம் மெல்ல ஏறுங்கால் எழும் வெப்பத்தை வண்டி தாங்குமாறு ஆக்கியோர் அமைத்துள்ளனரா என்பதே வினா.

உண்மையான சோதனை இறக்கத்திலே உள்ளது. உதகை கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் வழியில் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்குகின்றோம். மேற்சொன்ன 2,500 கிலோ அத்தனை உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 13 கிலோவாட்-மணிக்குச் சற்றே குறைவு. அதில் ஒரு பகுதியைச் சக்கரங்களின் உராய்வும் காற்றும் உண்டுவிடும். எஞ்சியதை யாரேனும் தாங்கியாக வேண்டும். நாம் மேற்கூறிய வண்டிகளின் மின்கலமோ ஒன்று, ஒன்றரைக் கிலோவாட்-மணி அளவினது. சிலவற்றில் ஒன்றினும் குறைவு. இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அது நிறைந்துவிடும். நிறைந்த பானையில் மேலும் நீர் வார்க்கலாமோ? அதன்பின் வண்டியைத் தடுப்பவை எஞ்சினின் தடையும் சாதாரணப் பிரேக்குகளுமே. சமவெளியில் மின் மோட்டாரே வண்டியைத் தடுத்துப் பழகியவர், கொண்டை ஊசி வளைவில் அத்தடை திடீரெனக் குறையக் கண்டு திகைப்பர். பின்னே 500 கிலோ தள்ளிக்கொண்டு வரும்பொழுது அத்திகைப்பு எத்தகைய தீங்கில் முடியும் என்று யாம் விரித்தல் வேண்டா.

இவ்வுண்மையை நம் முன்னோர் நீலகிரி மலை ரயிலில் நன்கறிந்திருந்தனர். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் அமைந்த அப்பாதையில், கல்லாற்றிற்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் ஏற்றம் உள்ளது. அங்கே தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் பொருத்தினர்; எஞ்சினைப் பெட்டிகளுக்கு முன்னே பூட்டாமல் கீழ்ப்புறத்திலே பூட்டினர்; பெட்டிதோறும் பிரேக்குக்காரர் நிற்கச் செய்தனர். எஞ்சினின் தடை ஒன்றையே நம்பி மலையிறங்கலாகாது என்பதும், ஒவ்வொரு பெட்டியும் தன்னைத் தானே தடுக்க வல்லதாயிருத்தல் வேண்டும் என்பதும் அவ்வேற்பாட்டின் பாடம். ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோ வரையுள்ள டிரெயிலர் தனிப் பிரேக்கின்றிச் செல்லச் சட்டம் இடங்கொடுக்கின்றது. சட்டம் இடங்கொடுப்பது வேறு, மலைச்சாலை இடங்கொடுப்பது வேறு. 500 கிலோவாயினும் தனிப் பிரேக்கில்லாத டிரெயிலர் நம் மலைகட்கு ஆகாது என்பதே எம் துணிபு.

அடுத்துக் கொக்கியைப் பற்றி ஒரு சொல். பாரவண்டி ஓட்டிய கிழவரைக் கேட்டுப் பாருங்கள். முன்பாரம், பின்பாரம் என்பதன் பொருளை அவர் ஒரு நொடியில் விளக்குவார். மூட்டையைப் பின்னே ஏற்றிவிட்டால் நுகம் மேலெழும்பிக் கயிறு காளையின் கழுத்தை நெரிக்கும். முன்னே மிகுதியாக ஏற்றினால் கழுத்து புண்ணாகும். சிறிதளவு முன்பாரம் இருப்பதே நெறி. டிரெயிலருக்கும் அதுவே நெறி. அதன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அழுந்துதல் நலம். பின்பாரமாயின் டிரெயிலர் பாம்புபோல் நெளிந்து, முன் செல்லும் காரையும் ஆட்டும். முன்பாரம் மிகுந்தாலோ காரின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் எழும். நடுத்தரக் குடும்பத்தார் வாங்கக்கூடிய ஹைப்ரிட் வண்டிகளில் விசை முன்சக்கரங்களுக்கே செல்லுகின்றமையால், அவை தரையைப் பற்றும் வலியை இழத்தல் ஏற்றத்தில் இடர் விளைக்கும்.

ஆதலின் கொக்கி பொருத்துதல் பட்டறைக்காரரின் கைத்திறன் ஒன்றால் மட்டும் முடியும் செயலன்று. எத்தனை கிலோ இழுக்கலாம், கொக்கியின்மேல் எத்தனை கிலோ அழுந்தலாம் என்பதை வண்டியை ஆக்கியோரே வரையறுத்தல் வேண்டும். ஒரே பெயருடைய வண்டிக்கும் இவ்வரையறை மாறுபடும். ஐரோப்பாவில் விற்கப்பட்ட டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்டில் இருசக்கர விசை வகைக்கு 800 கிலோ என்றும், நாற்சக்கர விசை வகைக்கு 1,650 கிலோ என்றும் குறித்தனர். பெயரை நோக்கி வாங்குவோர்க்கும் கையேட்டை நோக்கி வாங்குவோர்க்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும். நம் நாட்டில் விற்கப்படும் வண்டியின் கையேட்டில் இழுவை எடை குறிக்கப்படவில்லையாயின், இழுக்கலாம் என்று பொருள் கொள்ளற்க. இழுக்கலாகாது என்றே கொள்க.

சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிற் கண்ட விவரங்கள் ஆக்கியோர் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றியமைத்தலைத் தடுக்கின்றது. 61-ஆம் பிரிவு டிரெயிலருக்கும் தனிப் பதிவு வேண்டும் என்கின்றது. இவற்றைப் புறக்கணித்து ஓட்டியவர்க்கு விபத்து நேருமாயின், காப்பீட்டுப் பணம் மறுக்கப்படவும் இடமுண்டு. 2024 மே 7 முதல் உதகை செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு உயர்நீதிமன்ற ஆணைப்படி மின்னனுமதிச் சீட்டு முறை வந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது. மலை தாங்கக்கூடிய வண்டிகளுக்கு ஓர் எல்லை உண்டு என்பதன் அடையாளம் அது. அச்சாலையில் நம் வண்டியின் நீளத்தை இரட்டிப்பாக்கிச் செல்லுதல் நமக்கு இன்பமாயினும் பின்வருவோர்க்குத் துன்பமே.

"கோவையார்க்கா இயந்திரம் பற்றிப் புத்தி சொல்லுவது?" என்று சிலர் நகைக்கலாம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்களைப் பெற்ற நாடு இது; 2025 அக்டோபரிலே திறக்கப்பட்ட அவிநாசி சாலை மேம்பாலம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பம்புக்கும் மோட்டாருக்கும் பெயர்பெற்ற இந்நகரத்திற் பற்றவைக்க முடியாத பொருள் இல்லை என்பதை யாமும் பெருமையோடு ஒப்புகின்றோம். ஆனால் இயந்திரத்தை உண்மையில் அறிந்தவன், அதனாற் செய்யக்கூடியது இது, கூடாதது இது என அளந்தறிந்தவனே. அளவறியாத துணிவு கைத்திறன் ஆகாது.

ஆகவே எம் கருத்து இது. முதலில் காரைத் தேர்ந்து பின் டிரெயிலரைத் தேர்தல் தலைகீழ் முறை. எங்கே செல்வோம், எத்தனை பேர் உறங்குவோம் என்பதை முதலில் வரையறுத்து, அதற்கேற்ற மிகச் சிறிய டிரெயிலரைத் தேர்க. அதனை முழுப் பாரத்தோடு எடைமேடையில் நிறுத்துக. விற்பனையாளர் கூறும் வெறும் எடை நமக்கு உதவாது. அவ்வெடையை இழுக்கலாமென எழுத்து மூலம் ஆக்கியோர் ஒப்பும் ஹைப்ரிட் வண்டி கிடைக்குமாயின் வாங்குக. கிடைக்காதாயின், ஏணிச்சட்டத்தின்மேல் அமைந்த பின்சக்கர விசை டீசல் வண்டியே இழுவைக்கு ஏற்றது. அதனை விரும்பாதார் ஹைப்ரிட்டை மட்டும் வாங்கி, டிரெயிலரை விடுத்து, நல்ல கூடாரம் ஒன்றைக் காரினுள்ளே வைத்துச் செல்லலாம். எல்லாம் பொருந்தியவழியும் ஆழியாற்றங்கரை, அமராவதி அணை, கொடிவேரி, பவானி முதலான சமவெளி இடங்களோடு அமைக. உதகைக்குச் செல்லுங்கால் டிரெயிலரை மேட்டுப்பாளையத்திலே நிறுத்திவிட்டு மலையேறுக. ஆழியாற்றினின்று நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையுடைய வால்பாறைச் சாலைக்கும் இதுவே விதி.

எம்மைக் காண வந்த ஆசிரியர் இவற்றைக் கேட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், "பேரப்பிள்ளைகளுக்கு மலையிலே வண்டியில் உறங்க வேண்டும் என்பதல்ல ஆசை, தாத்தாவோடு வெளியிலே உறங்க வேண்டும் என்பதே," என்று கூறிப் புன்னகைத்தார். பட்டறைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெறச் சென்றாரென்று பின்னர் அறிந்தோம். கார் வாங்குவதை அவர் கைவிடவில்லை. வாங்குமுன் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படித்துக்கொண்டிருக்கின்றார்.

மாணவ நண்பர்களே, இயற்பியல் வகுப்பிலே நிறையையும் உயரத்தையும் பெருக்கிக் கணக்கிட்டு மதிப்பெண் பெறுகின்றீர்கள். அக்கணக்கு நும் இல்லத்தார் வண்டி வாங்கும் நாளிலும் பயன்படுமாயின், கல்லூரியில் நீவிர் கற்ற கல்வி வீணாகவில்லை என்று யாம் மகிழ்வோம்.