முறம் தெரியும், ‘வின்னோயிங்’ தெரியாது

புதுச்சேரியின் காட்டேரிக்குப்பத்துப் பிள்ளைக்கு நெல் தூற்றுவது புதிதல்ல. காற்று வரும் பக்கம் பார்த்து ஆள் நிற்பதும், பதர் தனியே பறப்பதும், பாட்டி முறத்தில் அரிசி புடைப்பதும் கண்ணால் கண்டு பழகியவை. அதே பிள்ளை ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘திரெஷிங்’, ‘வின்னோயிங்’, ‘டிகான்டேஷன்’ என்று படிக்கும்போது திகைத்து நிற்கிறது. கதிரடிப்பதும் தூற்றுவதும் தெளியவைத்து இறுப்பதும்தான் இவை. ஆனால், அதைச் சொல்ல ஆளில்லாவிட்டால் மனப்பாடம்தான். புடைக்க, கொழிக்க, தூற்ற எனத் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் பிள்ளையை ஒரே ஒரு ‘வின்னோயிங்’ மிரட்டுவது வேடிக்கைதான்.

புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றியவை. 2014-15இல் தொடக்க வகுப்புகளில் நுழைந்த சிபிஎஸ்இ பாடத்திட்டம் படிப்படியாக மேலே ஏறியது. 2025இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிபிஎஸ்இ பொதுத்தேர்வையே எழுதினார்கள். கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் வரும்போது, மொழியை இங்கிலீஷ் டீச்சரின் ஒரு பீரியடிடம் மட்டும் ஒப்படைத்துவிட முடியாது. ‘டிஃபரன்ஸ்’ என்றால் வித்தியாசம் என்று படித்த பிள்ளைக்கு, கணக்கில் அது கழித்து வரும் விடை என்று கணக்கு ஆசிரியர்தான் சொல்லியாக வேண்டும்.

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது மிஸ்!” என்று வகுப்பே கூவும். அதை நம்பிப் பாடம் நகர்கிறது.

கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ், பேச்சு ஆங்கிலத்தையும் பாட ஆங்கிலத்தையும் 1979இலேயே பிரித்துக் காட்டினார். பேச்சு இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடமொழியில் சக மாணவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்றார். அதுவும் வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் காதில் விழும் நாட்டில் குடியேறிய பிள்ளைகளுக்கு. நம் கிராமத்தில் பள்ளி மணி அடித்ததும் ஆங்கிலமும் வீட்டுக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் வகுப்பில் என்னதான் செய்வது? முறத்தையே கொண்டுவரலாம். அரிசியும் உமியும் கலந்து கொடுத்து, ஏன் உமி மட்டும் பறக்கிறது என்று தமிழில் வாதாட விடலாம். பிறகு ‘வீ செபரேட் ___ ஃப்ரம் ___’ என்ற கோடிட்ட வாக்கியம் பலகைக்கு வரட்டும். ‘அரிசியிலிருந்து’ என்பதில் பின்னால் ஒட்டும் ‘இருந்து’, ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’ ஆகி முன்னால் போய் நிற்பதைச் சுட்டிக்காட்ட இரண்டு நிமிடம் போதும். பல பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. தேர்வுத்தாள் ஆங்கிலத்தில் இருப்பதால், கடைசியில் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியே ஆக வேண்டும். தமிழ் அதுவரை ஏறிப் போகும் ஏணி.

வகுப்பில் தமிழ் பேசினால் இங்கிலீஷ் வராது என்ற பெற்றோரின் பயத்தை ஏளனம் செய்யக் கூடாது. தனியார் பள்ளி வேன் தினமும் தெருவில் போகும்போது அந்தப் பயம் நியாயமானதே. ஆனால், இந்திய மொழிகளைப் பயிற்றுமொழியாக வைத்துக்கொள்ளலாம் என்று 2023 ஜூலையில் சொன்னது அதே சிபிஎஸ்இதான். வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் இரு மொழிகளையும் திட்டமிட்டுக் கலந்து கற்பித்த முறைக்கு 1990களிலேயே தனிப்பெயர் கிடைத்துவிட்டது.

செயலின் வழியே மொழியைக் கொடுப்பதற்கு இன்னும் அருகில் ஒரு முன்மாதிரி உண்டு. 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு நடத்திய பெங்களூர் திட்டம், சென்னையோடு நம் பாகூரை அடுத்த கடலூரிலும் வகுப்பெடுத்தது. இலக்கண விதியிலிருந்து தொடங்கவில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கேள்வி கேட்டார்கள். முதலில் ஆசிரியரோடு வகுப்பே சேர்ந்து ஒன்றைச் செய்யும். பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளை தனியாகச் செய்யும். கவனம் முழுக்க விடையில். ஆங்கிலம் போகிற போக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும். உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் இன்று அந்தத் திட்டத்தைப் படிக்கிறார்கள். நம் வில்லியனூரிலும் ரயில் நிலையம் இருக்கிறது. விழுப்புரம் ரயில் அங்கே எப்போது வரும், எத்தனை நிமிடம் நிற்கும், தவறவிட்டால் அடுத்தது எது என்று நாளைக்கே ஓர் ஐந்தாம் வகுப்பில் கேட்கலாம்.