எடையைக் குறைக்கலாம், இடம் வேண்டும்

வேளாங்கண்ணியில் என் பட்டறைக்கு வரும் பையன்களுக்கு இன்னமும் யமஹா ஆர்எக்ஸ் 100 மேல்தான் பித்து. 1996-லேயே தயாரிப்பு நின்ற வண்டி. "அண்ணே, எடையைக் குறைச்சுக் கொடுங்க, டிராக் ரேஸ் ஓட்டணும்" என்பார்கள்.

கணக்கு நியாயமானதுதான். 11 குதிரைத்திறன் எஞ்சின். வண்டி சுமார் 100 கிலோ, ஓட்டுபவர் 70. பத்து கிலோ குறைந்தாலே டிராக் ரேஸின் 402 மீட்டர் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியும். சென்டர் ஸ்டாண்டு, சேலை கார்டு, பின் கால்மிதி எல்லாம் கழற்றலாம். இரும்பு ரிம்முக்குப் பதில் அலுமினியம் போட்டால் பலன் இன்னும் அதிகம். சுழலும் எடையை எஞ்சின் சுழற்றவும் வேண்டும், நகர்த்தவும் வேண்டும்.

முன் மட்கார்டை மட்டும் கழற்றித் தர மாட்டேன். ஃபோர்க்கின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடிப்பது அதன் பட்டைதான். அது போனால் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் உதறும். டிரம்மில் ஓட்டை போடச் சொன்னாலும் அதே பதில்தான்.

இப்படி இளைத்த வண்டியை நாகப்பட்டினம் சாலையில் விரட்டுவதை என்னால் ஏற்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, அரசின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாத பொதுச்சாலைப் பந்தயத்தைத் தடுக்கிறது. ஆண்டுதோறும் வேளாங்கண்ணி மாதா கோயிலின் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பிருந்தே அந்தச் சாலையோரம் முழுக்கக் காவி உடையில் பாதயாத்திரைக் கூட்டம். கைக்குழந்தையோடு இரவிலும் நடக்கிறார்கள்.

ஆனால் பையன்கள் எங்கே போவார்கள்? முறையான தடம் இருங்காட்டுக்கோட்டையில், 300 கிலோமீட்டருக்கு அப்பால். மாவட்ட நிர்வாகம் மாதம் ஒரு ஞாயிறு காலை, ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலை ஒன்றை அடைத்து, ஆம்புலன்ஸ் நிறுத்தி, ஹெல்மெட் சோதித்து ஓடவிடட்டும். வண்டிகளைச் சோதித்து அனுப்பும் வேலையைக் கூலியில்லாமல் நான் செய்கிறேன்.